அழித்தது போனில், இருந்தது சர்வரில்: மெக்டொனால்ட்ஸ் தலைவரின் நீக்கம்

கம்பெனி கொடுத்த போனில் ஒரு மின்னஞ்சலை அழித்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது என்று நம்புகிறவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். மெக்டொனால்ட்ஸின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கும் அப்படி நம்பியவர்தான் போலிருக்கிறது. அதில் ஆச்சரியமில்லை. அவரை விசாரிக்க வந்தவர்களும் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, நிறுவனத்தின் சர்வரில், அதாவது மையக் கணினியில், இருந்த அவருடைய அலுவலக மின்னஞ்சல் கணக்கைத் திறக்காமலே வேலையை முடித்தார்கள். அதுதான் ஆச்சரியம். 2019-இல் திறக்காமல் விட்ட அந்தப் பெட்டியை 2020-இல் திறந்தபோது, முந்தைய ஆண்டு எடுத்த முடிவு முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மேல்மட்ட அதிகாரி ஒருவர் ஊழியரோடு உறவு வைத்திருக்கிறார் என்று தகவல் வந்தால் தலைமை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, இவ்வளவு விவரமாகப் பதிவான நிகழ்வு அபூர்வம். நிறுவனம் தாக்கல் செய்த மனு, பங்குதாரர்கள் தொடுத்த வழக்கின் தீர்ப்புகள், அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. ஆளாளுக்குக் கதை சொல்கிற விஷயத்தில் காகிதம் இருப்பது பெரிய வசதி.

கறக்கிற மாடு

ஈஸ்டர்புரூக் இங்கிலாந்துக்காரர். 1993-இல் லண்டனில் நிதிப் பிரிவில் சேர்ந்தார். நடுவில் பீட்சா எக்ஸ்பிரஸ், வாகமாமா என்ற இரண்டு பிரிட்டிஷ் உணவக நிறுவனங்களை நடத்திவிட்டு 2013-இல் திரும்பி வந்தார். 2015 மார்ச்சில் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. காலை உணவு நாள் முழுக்கக் கிடைக்கும் என்றார். கடைகளில் தொடுதிரை வைத்தார். வீட்டுக்கே டெலிவரி வந்தது. 2018-இல் தலைமையகத்தைப் புறநகரிலிருந்து சிகாகோ நகருக்குள் கொண்டுபோனார். அவர் இருந்த நாலரை ஆண்டில் பங்கின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கறக்கிற மாடு உதைத்தாலும் பொறுத்துக்கொள்வார்கள் என்பது நம் ஊர்ப் பேச்சு. உதைத்தது என்று தெரிந்ததும் அந்த மாட்டை அவிழ்த்துவிட்டது மெக்டொனால்ட்ஸ் இயக்குநர் குழு. அந்த அளவில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எப்படி அவிழ்த்தார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது.

மூன்று வாரம்

2019 அக்டோபரில் குழுவுக்குத் தகவல் வந்தது: தலைவருக்கும் ஒரு ஊழியருக்கும் உறவு. வெளியிலிருந்து வழக்கறிஞர்களை அமர்த்தினார்கள். அவர்கள் ஈஸ்டர்புரூக்கை விசாரித்தார்கள். ஆமாம், உண்மைதான், இருவரும் விரும்பித்தான், சில வாரம்தான் என்றார். நேரில் எதுவும் நடக்கவில்லை, குறுஞ்செய்தியும் வீடியோவும் மட்டுமே என்றார். வேறு எந்த ஊழியரோடும் உடல்ரீதியான உறவு இருந்ததா என்று கேட்டதற்கு இல்லை என்றார். போனைத் தேடினார்கள். அவர் சொன்னதற்கு மாறாக அதில் எதுவும் சிக்கவில்லை.

நிறுவன விதி தெளிவாக இருந்தது. நேரடியாகவோ சுற்றிவளைத்தோ ஒருவருக்குக் கீழ் ஒருவர் வேலை செய்கிறவர்களுக்கிடையே காதல் உறவு கூடாது. தலைமைச் செயல் அதிகாரிக்கு நிறுவனத்தில் எல்லோருமே கீழ்தான். ஆகவே விதிமீறல் என்பதில் விவாதமே இல்லை. நவம்பர் 1, வெள்ளிக்கிழமை குழு முடிவெடுத்தது, ஞாயிற்றுக்கிழமை அறிவித்தது. கிறிஸ் கெம்ப்சின்ஸ்கி அந்த இடத்துக்கு வந்தார். "இது ஒரு தவறு" என்று ஊழியர்களுக்கு எழுதிவிட்டு ஈஸ்டர்புரூக் கிளம்பினார். திங்கட்கிழமை சந்தையில் பங்கு விலை சுமார் 3 சதவீதம் இறங்கியது. பத்திரிகைகள் குழுவைப் பாராட்டின.

அவர் போனது வெறுங்கையோடு அல்ல. அமெரிக்க மேலதிகாரிகளின் ஒப்பந்தத்தில் இரண்டு வகை வெளியேற்றம் உண்டு. தக்க காரணத்தோடு நீக்கினால் விலகல் தொகை கிடையாது, தருவதாகச் சொல்லி இன்னும் கைக்கு வராத பங்குகளும் போய்விடும். காரணம் காட்டாமல் நீக்கினால் எல்லாம் கிடைக்கும். விதியை மீறினார் என்று ஊருக்கு அறிவித்த குழு, காகிதத்தில் இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்தது. 26 வாரச் சம்பளமாக சுமார் 6.75 லட்சம் டாலர். அதோடு, அப்போதைய மதிப்பில் சுமார் 4 கோடி டாலருக்கு ஊக்கப் பங்குகள்.

குழு ஏன் அப்படிச் செய்தது என்று புரியாமல் இல்லை. தக்க காரணம் என்றால் நேர்மையின்மை, மோசடி போன்றவற்றை நிரூபிக்க வேண்டும். தானே ஒத்துக்கொண்ட, இருவரும் விரும்பிய, சில வார உறவை அந்தக் கணக்கில் சேர்ப்பது கஷ்டம். அவர் வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். பெரிய நிறுவனங்களில் "சீக்கிரம் முடித்து அனுப்பிவிடலாம்" என்ற குரல்தான் வழக்கமாக ஜெயிக்கும்.

கேட்காத கேள்வி

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். விசாரணை ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடியது: வந்த புகார் உண்மையா? ஆமாம் என்று பதில் வந்ததும் தேடல் நின்றது. குற்றத்தை ஒத்துக்கொண்டவரிடம் மேலே கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு இயல்பானது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறவர் பெரும்பாலும் சின்னதைத்தான் ஒத்துக்கொள்வார். கேட்க வேண்டியிருந்த இரண்டாவது கேள்வி: இது மட்டும்தானா? அதற்கான பதிலை அவர் வாயிலிருந்து வாங்கிப் பயனில்லை. அவர் கைபட்ட ஆவணங்களிலிருந்துதான் வாங்க வேண்டும்.

நம் செய்தித்தாள்களின் பழக்கம் ஒன்று இந்த இடத்தில் குழப்பும். இப்படி ஒரு செய்தி வந்தாலே "கள்ளக்காதல்", "தகாத உறவு" என்று தலைப்பு போட்டுவிடுவோம். ஈஸ்டர்புரூக் அப்போது விவாகரத்தானவர். அவர் யாரை விரும்புகிறார் என்பது அவர் வீட்டு விவகாரம். நிறுவனத்துக்குக் கவலை வேறு: சம்பள உயர்வு, பதவி, பங்கு ஒதுக்கீடு எல்லாம் யார் கையெழுத்தில் போகிறதோ அவருக்கும், அதை வாங்குகிறவருக்கும் இடையில் மற்றவர்களுக்குத் தெரியாத கணக்கு இருக்கிறதா என்பது. ஒழுக்கக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் உறவு மட்டும்தான் தெரியும், கையெழுத்து தெரியாது.

கையெழுத்துதான் கடைசியில் வெளியே வந்தது.

2020 ஜூலை

வேறொரு ஊழியரோடும் ஈஸ்டர்புரூக்குக்கு உறவு இருந்தது என்று பெயரில்லாத தகவல் ஒன்று நிறுவனத்துக்கு வந்தது. இந்த முறை சர்வரைத் திறந்தார்கள். நிறுவனம் நீதிமன்றத்தில் சொன்னதன்படி, பல பெண்களின் அந்தரங்கப் படங்களும் வீடியோக்களும் அங்கே டஜன் கணக்கில் இருந்தன. அலுவலகக் கணக்கிலிருந்து தன் சொந்தக் கணக்குக்கு அவரே இணைப்பாக அனுப்பியவை. அவற்றில் நிறுவன ஊழியர்களின் படங்களும் இருந்தன. நீக்கத்துக்கு முந்தைய ஓராண்டில் மூன்று ஊழியர்களோடு உடல்ரீதியான உறவு இருந்தது தெரியவந்தது. போனில் அழித்தது சர்வரில் அழியவில்லை.

இதில் எனக்குப் படங்களைவிடப் பெரியதாகப் படுவது இன்னொன்று. அந்த மூவரில் ஒருவருக்கு, உறவு நடந்த சில நாட்களுக்குள், பல லட்சம் டாலர் மதிப்புள்ள சிறப்புப் பங்கு ஒதுக்கீட்டுக்கு ஈஸ்டர்புரூக் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். தனி வாழ்க்கை என்று சொல்லித் தள்ளக்கூடிய எல்லையை அந்த ஒப்புதல் தாண்டிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க யாருடைய போனையும் தேட வேண்டியதில்லை. கடந்த இரண்டு ஆண்டில் வழக்கத்துக்கு மாறாக யாருக்கெல்லாம் பங்கு கொடுத்தார் என்று சம்பளப் பிரிவில் ஒரு பட்டியல் கேட்டிருந்தால் 2019 அக்டோபரிலேயே விசாரணையாளர்களுக்கு ஒரு நுனி கிடைத்திருக்கும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று நிறுவன வழக்குகளை விசாரிக்கும் அமெரிக்காவின் டெலவேர் மாநில சான்சரி நீதிமன்றத்தில் தன் முன்னாள் தலைவர் மீதே மெக்டொனால்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. பொய் சொல்லியும் ஆதாரத்தை அழித்தும் விலகல் ஒப்பந்தத்தை வாங்கினார், கொடுத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பது வாதம். ஈஸ்டர்புரூக்கின் பதிலைப் படித்தபோது கோபம் வந்தாலும், அதில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க முடியவில்லை. ஒப்பந்தம் பேசும்போது அந்த மின்னஞ்சல்கள் உங்கள் சர்வரில்தானே இருந்தன, இத்தனை வல்லுநர்களை வைத்துக்கொண்டு நீங்கள் பார்க்காமல் விட்டதற்கு நானா பொறுப்பு என்றார். வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற அவருடைய கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த வாதம் இயக்குநர் குழுவின் கன்னத்தில் விழுந்த அறைதான்.

2021 டிசம்பரில் சமரசம். பணமும் பங்குகளுமாக 10.5 கோடி டாலருக்கு மேல் அவர் திருப்பிக் கொடுத்தார். இடையில் பங்கு விலை ஏறியதால் 4 கோடி இப்படி வளர்ந்திருந்தது. நிறுவனத்தின் விழுமியங்களைக் காக்கச் சில சமயங்களில் தவறினேன் என்று மன்னிப்பும் கேட்டார்.

2023 ஜனவரியில் பங்குச் சந்தை ஆணையத்தின் முறை. ஈஸ்டர்புரூக் 4 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், ஐந்து ஆண்டு பங்குச் சந்தையில் உள்ள எந்த நிறுவனத்திலும் அதிகாரியாகவோ இயக்குநராகவோ இருக்கக் கூடாது என்ற தடையையும் ஏற்றார். பலர் கவனிக்காமல் விட்டது, அதே உத்தரவு மெக்டொனால்ட்ஸையும் குறை சொன்னது. காரணம் காட்டாமல் நீக்கியது குழு தன் விருப்புரிமையைப் பயன்படுத்தி எடுத்த முடிவு என்பதைப் பங்குதாரர்களுக்கு நிறுவனம் சொல்லவில்லை. ஒத்துழைப்புக் கொடுத்ததாலும், கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கியதாலும் நிறுவனத்துக்கு அபராதம் போடவில்லை.

எச்.ஆர். தலைவர் எங்கே?

ஈஸ்டர்புரூக் நீக்கப்பட்ட அதே நாட்களில் இன்னொருவரும் வெளியேறினார்: உலகளாவிய மனிதவளத் தலைவர் டேவிட் ஃபேர்ஹர்ஸ்ட். அன்று அது பெரிய செய்தியாகவில்லை. பின்னால் பங்குதாரர்கள் வழக்கில் விவரம் வந்தது. ஊழியர்களிடம் தவறாக நடந்துகொண்டதாக அவர் மீதே முன்பு புகார்கள் வந்திருந்தன. இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவும் அவற்றை அறிந்து கண்டித்திருந்தது. அதற்குப் பிறகும் அவர் நாற்காலியில்தான் இருந்தார். 2019 நவம்பரில் அவரைத் தக்க காரணத்தோடு நீக்கினார்கள். தலைவருக்குக் காரணம் இல்லாத நீக்கம், மனிதவளத் தலைவருக்குக் காரணத்தோடு நீக்கம்.

புகார் கேட்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மீதே புகார் என்றால், கீழே இருக்கிற ஒரு பெண் யாரிடம் போவாள்? வேலியே பயிரை மேய்ந்தது என்பது தேய்ந்துபோன சொல்தான்; இதற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. 2018 செப்டம்பரில் மெக்டொனால்ட்ஸ் கடை ஊழியர்கள் அமெரிக்காவின் பல நகரங்களில் பாலியல் தொல்லையைக் கண்டித்து வேலையை விட்டு வெளியே வந்து போராடியதையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும்.

2023 ஜனவரியில் நீதிபதி டிராவிஸ் லாஸ்டர் கொடுத்த தீர்ப்பு டெலவேர் சட்டத்தில் ஒரு மைல்கல். தன் துறையில் நடப்பதைக் கண்காணிக்கும் கடமை இயக்குநர்களுக்கு மட்டுமல்ல, அதிகாரிகளுக்கும் உண்டு என்றார். மனிதவளத் தலைவர் அபாய அறிகுறிகளைக் கண்டும் காணாமல் இருந்தால் அது நிறுவனத்துக்குச் செய்யும் துரோகம். அதே ஆண்டு மார்ச் மாதம், இயக்குநர்கள் மீதான வழக்கைத் தள்ளுபடி செய்தார். காரணம் காட்டாமல் நீக்கியது நல்ல முடிவா என்பது வேறு, அது அவர்கள் எடுக்க உரிமையுள்ள வணிக முடிவு என்பது அவர் கணக்கு. சட்டப்படி தப்பித்தார்கள்.

முதல் வாரம்

தகவல் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தலைவரோ, இயக்குநர் குழுவின் தலைவரோ. சம்பந்தப்பட்டவர் உங்களுக்கு வேண்டியவர், நிறுவனத்துக்கு லாபம் காட்டுகிறவர். தனியாகக் கூப்பிட்டு "என்னப்பா, உண்மையா?" என்று கேட்கத் தோன்றும். கேட்டால், அன்று இரவே அழிக்க வேண்டியதெல்லாம் அழிந்துவிடும். அவரிடம் பேசுவதற்கு முன்னால் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு அவருடைய மின்னஞ்சல் கணக்கு, அலுவலக உரையாடல் செயலி, கோப்புகள் எல்லாவற்றையும் சர்வர் மட்டத்தில் அப்படியே நகலெடுத்து உறையவைக்க வேண்டும். மெக்டொனால்ட்ஸ் விவகாரத்தில் நான் எடுத்துக்கொள்ளும் முதல் பாடம் இதுதான், மற்றதெல்லாம் பிறகு.

விசாரிப்பவர் யார் என்பது அடுத்தது. அந்த அதிகாரிக்குக் கீழே இருக்கும் மனிதவளத் துறை அவரை விசாரிக்க முடியாது. நிறுவனத்தின் வழக்கமான வழக்கறிஞரும் சரிப்பட மாட்டார்; அவருடைய அடுத்த பில்லில் கையெழுத்துப் போடுகிறவரே சம்பந்தப்பட்ட ஆளாக இருக்கலாம். வெளியாள் வேண்டும், அவர் நிர்வாகத்தில் இல்லாத சுயேச்சை இயக்குநர்களிடம் மட்டும் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் கொடுக்கும் கேள்வியும் அகலமாக இருக்க வேண்டும். இந்த உறவு உண்டா என்பதோடு நிறுத்தாமல் பயணச் செலவுக் கணக்கு, சம்பள உயர்வு, பதவி உயர்வு, சிறப்புப் பங்கு, ஒப்பந்தம் வாங்கிய வெளி நிறுவனங்கள் வரை போக வேண்டும்.

விசாரணை முடிகிற வரை அதிகாரி சம்பளத்தோடு விடுப்பில் இருக்கட்டும். இதற்குப் பலர் தயங்குவார்கள், சந்தைக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். மூன்று வார அவசரத்துக்கு மெக்டொனால்ட்ஸ் கொடுத்த விலையைப் பார்த்த பிறகும் அந்தத் தயக்கம் எனக்குப் புரியவில்லை. விலகல் தொகையைப் பற்றிப் பேசுவதாக இருந்தால், பின்னால் பொய் என்று தெரிந்தால் எல்லாம் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உறவில் மறுபக்கம் இருக்கும் பெண் ஊழியரைப் பற்றி நிர்வாக ஆலோசகர்கள் அதிகம் எழுதுவதில்லை. விசாரணை முடியுமுன்பே அவரை வேறு பிரிவுக்கு மாற்றுவது, பேசித் தீர்த்துத் தொகை கொடுத்து அனுப்புவது என்பதெல்லாம் மேலே இருப்பவரைக் காப்பாற்றும் பழைய வழிகள். விருப்பம் என்று இருவரும் சொன்னாலும், மறுத்தால் வேலை என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததா என்று, மேலதிகாரி இல்லாத இடத்தில், அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அவர் பெயர் காரிடாரில் உலவாமல் பார்த்துக்கொள்வது தலைவரின் நேரடிப் பொறுப்பு.

மற்றவர்கள் செய்தது

விமானம் செய்யும் போயிங்கில் 2005 மார்ச்சில் தலைமைச் செயல் அதிகாரி ஹாரி ஸ்டோன்சைஃபர் ஊழியர் ஒருவரோடு இருந்த உறவால் விலகினார். முந்தைய ஒழுங்கீன விவகாரத்துக்குப் பிறகு நிறுவனத்தின் பெயரைத் துடைக்க ஓய்விலிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர் அவர். உறவே விதிமீறல் என்று குழு சொல்லவில்லை. அதில் வெளிப்பட்ட முடிவெடுக்கும் திறன், தலைமை தாங்கும் தகுதியைக் குலைத்தது என்றது. 2018 ஜூனில் இன்டெல் நிறுவனத்தின் பிரையன் கிர்ஸானிச், முடிந்துபோன பழைய உறவு ஒன்றுக்காகப் போனார். மேலாளர்கள் எல்லோருக்கும் பொருந்தும் விதி தலைவருக்கும் பொருந்தும் என்று காட்டியது தவிர அதில் பேச அதிகம் இல்லை.

நெஸ்லேயின் கதை 2025 செப்டம்பர் 1. தலைமைச் செயல் அதிகாரி லோரான் ஃப்ரெக்ஸ் தனக்கு நேர்க்கீழ் வேலை செய்தவரோடு இருந்த உறவை மறைத்ததற்காக உடனடியாக நீக்கப்பட்டார். விலகல் தொகை ஒரு காசும் கிடையாது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு அந்த நிறுவனத்தில் இருந்தவர். உள் புகார் வழியாக முன்பே தகவல் வந்து, முதல் விசாரணையில் ஆதாரம் இல்லை என்று மூடிவிட்டார்கள். பேச்சு அடங்கவில்லை. பிறகு வெளி வழக்கறிஞர் உதவியோடு இயக்குநர் குழுத் தலைவர் பவுல் புல்கேயும் மூத்த சுயேச்சை இயக்குநர் பாப்லோ இஸ்லாவும் மேற்பார்வையிட்ட இரண்டாவது விசாரணையில்தான் உண்மை வந்தது. மெக்டொனால்ட்ஸுக்கும் நெஸ்லேவுக்கும் இதில் ஒற்றுமை: முதல் விசாரணை இரண்டு இடத்திலும் தவறவிட்டது. வித்தியாசம்: மெக்டொனால்ட்ஸ் பணத்தைக் கொடுத்த பிறகு திரும்பத் தேடியது, நெஸ்லே கொடுக்கும் முன் தேடியது.

நம் பக்கம்

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே, அதன்படி நிறுவனத்தில் அமைத்த உள் புகார்க் குழுவிடம் அனுப்பிவிடலாமே என்று. அந்தச் சட்டம் விரும்பத்தகாத நடத்தைக்கானது. இருவரும் விரும்பிய உறவு அதற்குள் வராது. புகார் வந்தால், நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். முதலாளி மீதே புகார் என்றால் அதை நிறுவனத்தின் உள் குழு விசாரிப்பதில்லை. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 497-ஐ உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. மிச்சம் இருப்பது நிறுவனத்தின் சொந்த விதியும் அதிகாரியின் ஒப்பந்தமும்தான். அந்த விதியில் உறவைத் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரி இல்லையென்றால், தலைமை கையில் எதுவும் இல்லை.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஆள் ஃபனீஷ் மூர்த்தி. 2002-இல் இன்ஃபோசிஸின் அமெரிக்க விற்பனைத் தலைவராக இருந்தபோது ஒரு முன்னாள் ஊழியர் தொடுத்த பாலியல் தொல்லை வழக்கில் விலகினார். மறு ஆண்டு 30 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. அதே ஆண்டு ஐகேட் என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் போனார், பிறகு அதன் தலைவரானார். அங்கே பத்து ஆண்டு. 2013 மே மாதம் ஐகேட் அவரை நீக்கியபோது அறிவிப்பில் சொன்னது: பாலியல் தொல்லை விதியை மீறியதாக விசாரணையில் எதுவும் வரவில்லை, தனக்குக் கீழ் வேலை செய்தவரோடு இருந்த உறவை இயக்குநர் குழுவுக்குத் தெரிவிக்காமல் விட்டதே விதிமீறலும் ஒப்பந்த மீறலும்.